கிழக்கு வாயிலின் பனிக்குடில்

யோகோத்தே நகரின் ஓரத்தில், ஆற்றை நோக்கிச் சரிந்திறங்கும் மேட்டின்மேல் நிற்கிறது யுகிவாரி முதியோர் இல்லம். அதன் சுவரும் கூரையும், குழாயும் விளக்கும், கதவும் தாழும் ஒதாஷிமா கிக்குவேயின் பொறுப்பில் இருந்தன. கணவனை இழந்த பின் இந்த வேலைக்கு வந்தவள் அவள். கோயிலைக் கூட்டி மெழுகுவோர் எத்தகைய மனத்தோடு விளக்குமாற்றை எடுப்பார்களோ, அத்தகைய மனத்தோடு ஒவ்வொரு வைகறையிலும் சாவிக்கொத்தை எடுப்பாள். முதலில் கொதிகலன் அறை. அடுத்துக் குளியல் தொட்டி. அதன் நீரில் சோதனைத் தாளை நனைத்து நிறம் பார்ப்பாள். பின்பு தாழ்வாரங்களின் கைப்பிடிகளைத் துடைத்துக்கொண்டே நடப்பாள். எங்கே திருகாணி தளர்ந்திருக்கிறது என்பதைத் துணி போகிற போக்கிலேயே விரல்கள் கண்டுகொள்ளும். எல்லாம் முடித்து அவள் கடைசியாகச் சேருமிடம் கட்டடத்தின் கிழக்குச் சிறகின் அவசரகால வாயில்.

அந்த வாயிலுக்கு அருகில் உள்ள அறை தெரூய் என்பவருடையது. வாழ்நாளெல்லாம் ரயில் ஓட்டியவர். கால்கள் ஓய்ந்துவிட்டபோதும் கை ஓயவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்து, வெண்ணிறக் கையுறை அணிந்து, கிக்குவேயின் வரவுக்காகக் காத்திருப்பார். அவள் கதவைத் திறந்ததும் ஆள்காட்டி விரலை நேராக நீட்டி, "கதவு, யோஷி" என்பார். பிறகு வெளியே சரிவுப்பாதையை நோக்கி நீட்டி, "வழி, யோஷி" என்பார். சைகை விளக்கைப் பார்த்து எல்லாம் சரி என்னும் பொருளில் 'யோஷி' என்று உரக்கச் சொன்ன பின்னரே வண்டியை நகர்த்தும் ரயில்காரர்களின் வழக்கம் அது. விளையாட்டாகத் தொடங்கியது, நாளடைவில் இருவருக்கும் நியமமாகிவிட்டது. அவருடைய 'யோஷி' காதில் விழாமல் கிக்குவே அடுத்த வேலைக்குப் போவதில்லை.

அந்த வாயில் வீண் அலங்காரமன்று. கிழக்குச் சிறகில் கிடப்போர் தாமாக எழ இயலாதவர்கள். தாழ்வாரத்தில் புகை சூழ்ந்தால் அவர்களை நாற்காலியில் ஏற்றி வெளியே கொண்டுசெல்ல அந்த ஒரு வழிதான் உண்டு. ஆகவே கிக்குவேயின் வேலையில் பெரும்பகுதி மறுப்பதாகவே இருந்தது. இங்கே வண்டியை நிறுத்தாதே, அங்கே பெட்டியை அடுக்காதே, அறைக்குள் மெழுகுவத்தி கூடாது. பராமரிப்புப் பணியாளான மிஹோ ஒருநாள் துணி வண்டியைக் கிழக்கு வாயிலை ஒட்டி நிறுத்திவிட்டுப் போனதற்கு அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை இல்லமே அறியும்.

இப்படி மறுத்தே பழகியவள் அந்த இலையுதிர்காலத்தில் ஒருவருக்குச் சரியென்று சொல்லிவிட்டாள்.

கேட்டவர் ஃபுமி மூதாட்டி. சந்தையில் மீன்கடை நடத்தியவர். அவர் அறையில் விளக்கை மாற்றிக்கொண்டிருந்தபோது, ஏணியில் நின்ற கிக்குவேயைப் பார்த்து, நீர்த்தெய்வத்துக்கு எடுக்கும் மாசித் திருவிழாவில் பனிக்குடிலுக்குள் அமர்ந்து, வருவோர் போவோரை அழைத்து அமாசாகே என்னும் இனிப்பு அரிசிப் பானம் ஊற்றிக் கொடுக்க வேண்டும் என்றார். சிறுமியாய் இருந்தபோது செய்தது. அதற்குப் பிறகு கடையும் பிள்ளைகளுமாகப் போய்விட்டது. அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று கிக்குவே சொல்ல வாயெடுத்தாள்.

"அடுத்த வருசம்னு மட்டும் சொல்லாதீங்க. போன வாரம் டாக்டர் என் நெஞ்சுல குழாய வச்சுக் கேட்டுட்டு, அதப் பத்திப் பேசாம வானிலையப் பத்திப் பேச ஆரம்பிச்சிட்டாரு. நான் மீன் வித்தவ. மூஞ்சியப் பாத்தா எது கெட்டுப்போச்சுன்னு எனக்குத் தெரியும்."

கிக்குவே ஏணியிலிருந்து இறங்கி வாக்குக் கொடுத்தாள்.

அவ்வாண்டு பனிக்குக் குறைவில்லை. சன்னல் விளிம்பைத் தொட எழும்பி, தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. திருவிழா நெருங்கியதும் கிக்குவேயும் மிஹோவும் சமையற்கட்டு ஆளுமாக இல்லத்து முற்றத்தில் குடில் எழுப்பத் தொடங்கினர். உணவுக்கூடத்தின் எல்லாச் சன்னல்களுக்கும் தெரியும்படியாக இடம் தேர்ந்தது கிக்குவேதான். வட்டம் வரைய நடுவில் ஒரு கழி வேண்டும். கழியில் கயிற்றைக் கட்டிச் சுற்றி வந்தால் அளவு பிசகாது. அருகில் ஒரு செந்நுனிக் கழி நின்றிருந்தது. அதைப் பிடுங்கி நடுவில் நட்டு, இன்னொன்றைப் பிடுங்கிக் கயிற்றின் மறுமுனையில் கட்டிக் கோடு கிழித்தாள். பிறகு பனியைக் கொட்டினார்கள், மிதித்தார்கள், இறுகவிட்டார்கள். இறுகிய குன்றைக் குடைந்து உள்ளே இடமாக்கினார்கள். முதியோர் சன்னலோரம் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டு, மல்யுத்தம் பார்ப்பவர்கள்போல ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தனர். ஃபுமியின் கட்டளைகள் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு வெளியே கேட்டன.

அந்நாள்களில் தெரூய்க்குக் காய்ச்சல். அறைத் திரை மூடியிருந்தது. கிக்குவே தனியே வந்து கிழக்குக் கதவைத் திறப்பாள். தாழைப் பார்ப்பாள், படியருகே விழுந்த பனியை ஒதுக்குவாள், பிறகு நிமிர்வாள். நிமிர்ந்ததும் அவள் கண் குடிலுக்கே செல்லும். நேற்றைக்கு இன்று எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று அளந்து, மகிழ்ந்து, கதவைச் சாத்துவாள்.

திருவிழா நாள் விடிந்தது. காய்ச்சல் விட்ட தெரூய் வழக்கம்போல் நாற்காலியில் காத்திருந்தார். கிக்குவே அவர் உடல்நலம் விசாரித்துவிட்டுக் கதவைத் திறந்தாள். தண்காற்று உள்ளே புகுந்தது.

"கதவு, யோஷி" என்றார்.

அவள் காத்திருந்தாள். அடுத்த சொல் வரவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவர் கையுறைகளைக் கழற்றி மடிமேல் வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துக்கொண்டிருந்தார்.

"தெரூய்-சான், வழி?"

"இன்னிக்குக் கண்ணு கொஞ்சம் மங்கலா இருக்கு, கிக்குவே-சான். அத விட்டுடுவோம்."

"நேத்து சாயங்காலம் கண்ணாடி போடாம பேப்பர் படிச்சீங்களாமே. மிஹோ சொன்னா."

"பேப்பர் வேற, பாதை வேற" என்று சொல்லிவிட்டு, போர்வையின் சுருக்கங்களைக் கவனமாக நீவத் தொடங்கினார்.

இல்லாததை இருக்கிறது என்று ஒருநாளும் சொல்லாதவர். பிறர் முகம் வாடுமாறும் சொல்லாதவர். அவர் பேசாமலிருந்தால் அதற்குப் பொருள் உண்டென்பது கிக்குவேக்குத் தெரியும். அவர் விரல் வழக்கமாக நீளும் திசையைத் தன் கண்ணால் தொடர்ந்தாள். படியிலிருந்து சரிவுப்பாதையின் இரும்புக் கைப்பிடி தொடங்கிற்று. பனியினூடே கருங்கோடாகச் சற்றுத் தொலைவு சென்றது. பிறகு குடிலின் முதுகுச் சுவருக்குள் நுழைந்தது. மறுபுறம் வெளிவரவில்லை.

அவள் காலணி மாற்றி இறங்கிப் போய், சுவரில் கைவைத்து நின்றாள். வட்டம் வரையத் தான் பிடுங்கிய கழிகள் எவை என்பது அப்போதுதான் உறைத்தது. பனிக்கடியில் வழி இங்கே போகிறது என்று காட்ட, குளிர்காலத் தொடக்கத்தில் தன் கையாலேயே நட்ட கழிகள் அவை. வழிகாட்டியைப் பிடுங்கி அதைக்கொண்டே வழியின்மேல் வீடு கட்டியிருக்கிறாள்.

ஓர் இரவுக்குத்தானே என்று மனத்தின் ஒரு மூலை முணுமுணுத்தது. இன்று மாலை திருவிழா, நாளை இடித்துவிடலாம், தெரூயைத் தவிர எவரும் காணவில்லை, அவரும் சொல்லமாட்டார். குடிலின் வாய்ப்புறம் சென்று உள்ளே எட்டிப் பார்த்தாள். நீர்த்தெய்வத்துக்குக் குடைந்த மாடம் வெறுமையாய்க் காத்திருந்தது. ஃபுமி அமர்வதற்கென்று முன்தினமே அவள் விரித்த வைக்கோல் பாய் ஒரு மடிப்புமின்றிக் கிடந்தது. நெடுநேரம் அதையே பார்த்தாள். பின் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள்.

உள்ளே நுழைந்தபோது தெரூய், அவளை நோக்காமலே, "அந்தம்மாவுக்கு நீங்க குடுத்த வாக்கு. அதக் கெடுக்கிற வாய் என் வாயா இருக்க வேண்டாம்னு பாத்தேன்" என்றார். அவள் தலைதாழ்த்திவிட்டுப் போனாள்.

இல்லத்தின் தலைவர் நுமாதா எவரையும் கடிந்து பேசியறியாதவர். கிக்குவே இடுப்புவரை வளைந்து தன் பிழையைச் சொன்னபோது, அவளைவிட அவரே அதிகம் கலங்கிப்போனார். சன்னலருகே நின்று தாடையைத் தடவியவாறு, முதுகுச் சுவரில் இன்னொரு வாயில் வெட்டிப் பாதையைக் குடிலுக்குள்ளேயே விட்டுவிட்டால் என்ன என்று கேட்டார். பனிக்கூரைக்கு அடியில் நாற்காலிகளை வரிசையாக ஓட்டுவதா என்று அவள் திருப்பிக் கேட்டதும் அவருக்கே அது விளங்கிவிட்டது.

"இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும், ஆள் போட்டுப் பாத்துக்கிட்டா?" என்றார் கடைசியாக.

"நெருப்பு என்ன நாள் பாத்தா வருது, நுமாதா-சான்? இன்னொருத்தர் செஞ்சிருந்தா நான் ஒரு நிமிசம்கூட விட்டுவச்சிருக்க மாட்டேன்."

அவர் பெருமூச்சுவிட்டார். கழுத்துப்பட்டையைக் கழற்றி நாற்காலியில் தொங்கவிட்டு, மண்வெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

செய்தி சமையற்கட்டை எட்டியதும் மிஹோ ஓடிவந்தாள். இந்த நாளுக்காக அவள் எவ்வளவு காலம் காத்திருந்தாளோ.

"துணி வண்டிய நிறுத்துனதுக்கு என்னை அரை நாள் காய்ச்சி எடுத்தீங்க. நீங்க மலையையே கொண்டாந்து நிறுத்தி வச்சிருக்கீங்க."

"ஆமா."

"சக்கரம்கூட இல்ல, தள்ளிவிடலாம்னா."

"ஆமாம்மா."

மறுபேச்சு வராததால் மிஹோவுக்கு அதற்குமேல் கிண்டல் செய்ய மனம் வரவில்லை. தானும் ஒரு மண்வெட்டி எடுத்துக்கொண்டாள்.

எஞ்சியது ஃபுமி. அதைப் பிறர் தலையில் கட்டக் கிக்குவே விரும்பவில்லை. போனபோது ஃபுமி பஞ்சுவைத்த மேலங்கி அணிந்து, நரைமயிரை வாரி முடிந்து, மாலைக்காகக் காலையிலேயே ஆயத்தமாகிவிட்டிருந்தார். மேசைமேல் கோப்பைகள் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன. கிக்குவே கட்டிலருகே முழந்தாளிட்டுச் சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை. சந்தை முழுவதும் கேட்கக் கூவியவர் திட்டித் தீர்த்துவிட்டால் நன்றாயிருக்குமே என்று அவள் நினைத்தாள்.

"எனக்கு வீடு கட்டுறேன்னு அடுத்தவன் வாசல்ல கட்டிட்டீங்க" என்றார் ஃபுமி மெல்ல. "அப்ப இடிக்கத்தான் வேணும்."

"மன்னிச்சிருங்க."

"கேட்டது என் தப்பு." சொல்லிவிட்டு மேலங்கியின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். முடிச்சு இறுகியதே தவிர அவிழவில்லை. உதவ நீண்ட கிக்குவேயின் கையை விலக்கிவிட்டுச் சுவர்ப்புறம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

முற்றத்தில் முதல் வெட்டைக் கிக்குவேயே வெட்டினாள். முதுகுச் சுவர் சரிந்தால் கூரை தானாக விழும். விழுந்து ஒருவர் காலை நசுக்குமுன் தாமே இறக்கிவிட வேண்டும் என்று நீண்ட கம்பால் தட்டி அதை முதலில் வீழ்த்தினாள். மெத்தென்ற ஒலியோடு குடில் தன் வயிற்றுக்குள் தானே அமர்ந்தது. சன்னலோரத்து முதியோரில் ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார்.

நுமாதா வியர்வை வழிய அள்ளிக்கொட்டினார். பாதைமேல் கிடந்த பாதி அகன்றது. கைப்பிடி முழு நீளமும் வெளிப்பட்டது. கிக்குவே வெற்று நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து வாயிலிலிருந்து முற்றத்தின் கோடிவரை ஓட்டிப் பார்த்தாள், முட்டிய இடத்தில் மீண்டும் செதுக்கினாள், மறுபடியும் ஓட்டினாள். பிடுங்கிய கழிகளை அவற்றின் பழைய இடத்தில் ஊன்றினாள்.

அப்போது நுமாதா மிச்சமிருந்த பாதியைக் காட்டி, அதையும் வழித்துவிடலாமா என்று கேட்டார். பாதைக்கு அப்பால், பிறைபோல் வளைந்து, மார்பளவு உயரத்தில் அது நின்றுகொண்டிருந்தது. கிக்குவே கழிக்கும் அந்தப் பிறைக்கும் இடைவெளியைக் காலடியால் அளந்தாள்.

"அது வழியில இல்ல" என்றாள். "இருக்கட்டும்."

பொழுது சாய்ந்தது. ஆற்றங்கரையெங்கும் ஊரார் வைத்த குறுங்குடில்களின் விளக்குகள் மேட்டிலிருந்து பொன்துகள்போலத் தெரிந்தன. மெல்லிய பனி இறங்கத் தொடங்கியது. கிக்குவே பிறைச்சுவரில் புதிய மாடம் குடைந்து, வெண்தாளும் ஆரஞ்சும் வைத்து, நீர்த்தெய்வத்துக்கு மோச்சி என்னும் அரிசிக் கொழுக்கட்டை படைத்தாள். முதியோர் தொண்டையில் சிக்குமென்று மோச்சியை இல்லத்துக்குள் விடாத செவிலி, தெய்வத்துக்கு மட்டும் விலக்கு அளித்திருந்தாள். சுருட்டிய பாயை விரித்தாள். கைகூப்பி நின்றபோது வேண்டிக்கொள்ள ஒன்றும் தோன்றவில்லை. பிழை செய்த கையால் விளக்கேற்றுகிறேன், ஏற்றுக்கொள் என்று மட்டும் எண்ணிக்கொண்டாள்.

பிறகு ஃபுமியின் அறைக்குப் போனாள். மூதாட்டி இன்னும் சுவரைப் பார்த்தபடி கிடந்தார். மேலங்கியின் முடிச்சு அவிழாமலே இருந்தது.

"குடில் பாதி இருக்கு, ஃபுமி-சான். கூரை இல்ல."

ஃபுமி போர்வையைத் தோள்வரை இழுத்துக்கொண்டார்.

"பின்சுவரும் இல்ல."

"அதுக்குப் பேரு குடிலா? வேலி."

"ஆமா. சாமிய வச்சிட்டேன். விளக்கு எரியுது."

"கூரையில்லாத வீட்டுக்கு எவ வருவா விருந்துக்கு?"

"நான் வரேன்."

வெளியே தாழ்வாரத்தில் ஒரு வண்டி உருண்டுபோயிற்று. அதன் ஒலி தேய்ந்ததும் ஃபுமி இப்புறம் திரும்பினார்.

"அமாசாகே சூடாத்தானே இருக்கு?" என்றார் பின்பு. "ஆறிப்போனத ஊத்துற வழக்கம் எனக்குக் கெடையாது."

கிக்குவே அவரைப் போர்வைகளில் பொதிந்து நாற்காலியில் ஏற்றிக் கிழக்குச் சிறகின் வழியே தள்ளிவந்தாள். வாயிலருகே தெரூய் இருந்தார். கையுறைகள் கையேறியிருந்தன. அவளைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். மிஹோ கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"கதவு, யோஷி."

விரல் வெளியே நீண்டது. இடப்புறக் கழி. வலப்புறக் கழி. கைப்பிடி தொடங்குமிடம், அது முடியுமிடம். எங்கும் அவசரப்படாமல் விரல் நின்று நின்று சென்றது.

"ஏன் தெரூய்-சான்," என்றார் ஃபுமி, "வண்டி கெளம்புமா, இல்ல இறங்கி நடக்கட்டுமா?"

"வழி, யோஷி" என்றார் தெரூய்.

ஃபுமியின் நாற்காலி சரிவில் இறங்கியது. பிறையின் நடுவில், மாடத்து விளக்கின் பக்கத்தில் அவரை அமர்த்தினார்கள். மடியில் பலகை வைத்து, அதன்மேல் கோப்பைகளை அடுக்கிக் கொடுத்தாள் மிஹோ. ஃபுமி ஒருகணம் வானத்தை அண்ணாந்து பார்த்தார். பனித்துகள்கள் அவர் புருவங்களில் வந்தமர்ந்தன. பின் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊர்ச் சிறுமியர் அழைக்கும் அதே இழுப்போடு, மீன்சந்தைக்குரிய குரலில் கூவினார்.

"உள்ள வாங்க! வந்து சாமி கும்பிட்டுட்டுப் போங்க!"

முதலில் வந்தவள் கிக்குவே. பாயில் முழந்தாளிட்டு வணங்கினாள். ஃபுமி ஊற்றிக் கொடுத்த கோப்பையை இருகையாலும் ஏந்தினாள். குடிப்பதற்குள் அதில் பனி விழுந்து கரைந்தது.

"கூரை இருந்திருந்தா இப்படி விழுமா?" என்றார் ஃபுமி.

"விழாது."

"ஆறிப்போச்சு பாருங்க. குடுங்க இப்படி." அவள் கையிலிருந்த கோப்பையை வாங்கி, அதன்மேல் சூடாக இன்னும் ஊற்றி நீட்டினார். மன்னித்தாரா என்பது அந்த முகத்திலிருந்து தெரியவில்லை. ஆனால் கோப்பை விளிம்புவரை நிறைந்திருந்தது.

பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தனர். நடக்க முடிந்தவர்கள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டும், முடியாதவர்கள் நாற்காலியிலும் கிழக்கு வாயில் வழியே இறங்கினர். நுமாதா தொப்பியில்லாமல் நின்று எல்லாருக்கும் குடை பிடித்துத் தோற்றுக்கொண்டிருந்தார். ஒவ்வொருவரையும் ஃபுமி அதட்டி உள்ளே அழைத்தார். கும்பிடாமல் கோப்பைக்குக் கை நீட்டியவரைக் கும்பிட வைத்தார். பேச்சுவாக்கில் இப்படியும் அப்படியும் திரும்பியதில் அவர் நாற்காலி சிறிது சிறிதாகப் பின்னே நகர்ந்தது.

வாயிலில் இருந்து ஒரு குரல் வந்தது.

"ஃபுமி-சான். உங்க சக்கரம் கழியத் தாண்டி வந்திருச்சு."

எல்லாரும் திரும்பினர். பின்சக்கரம் ஒன்று பாதைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. கிக்குவே எழுந்து விரைந்தாள். அவளைக் கண்ணாலேயே நிறுத்தினார் ஃபுமி. பலகையை மிஹோவிடம் கொடுத்துவிட்டு, போர்வைக்குள்ளிருந்து இரு கைகளையும் வெளியே எடுத்து, சக்கரத்தின் வளையத்தைப் பற்றினார்.

"ரயில்காரனுக்கு ரிட்டயர்மென்டே கெடையாதா?" என்று முணுமுணுத்துக்கொண்டே உந்தினார். சக்கரம் பனியில் சற்று வழுக்கியது. மீண்டும் உந்தினார். அது முன்னே உருண்டு, செந்நுனிக் கழிக்கு இப்பால் வந்து நின்றது.

வாயில் விளக்கின் கீழே வெண்ணிறக் கையுறை உயர்ந்தது.

"யோஷி."